பன்றிக் கொட்டில்

சென்ற ஜூன் மாதத்தில் நம் கலாசாலையிற் புது மாணவரைச் சேர்த்துக்கொண்டபோது, விண்ணப்பத் தாள்களைச் சரிபார்க்கும் பணி என்னிடம் விடப்பட்டிருந்தது. தருமபுரி ஜில்லாவில் பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவன், 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் முதலில் ஏதோ எழுதி, அதை நன்றாக அடித்துவிட்டு, அதன்மேல் 'விவசாயம்' என்று எழுதியிருந்தான். எத்தனை ஏக்கர் நிலம் என்று கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "நிலம் இல்லை, ஐயா, அப்பா பன்றி வளர்க்கிறார்" என்றான். அருகில் நின்ற இரண்டொருவர் நகைத்தனர். அவர்கள் நகைப்பு ஒரு நொடியில் அடங்கிற்று. அடித்தெழுதிய அந்தச் சொல் மட்டும் என் மனத்தில் பல நாள் நின்றது. மாடு மேய்ப்பவன் மகனோ கோழி வளர்ப்பவள் மகனோ இவ்வாறு அடித்தெழுதுவதில்லை.

பன்றியைப் பற்றி நம் ஆண்டு மலரில் எழுதுவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். கம்பரையும் காவிரியையும் பற்றி எழுதும் பக்கங்களில் இவ்விலங்குக்கு என்ன அலுவல் என்று கேட்பாரும் உளர். அவர்களுக்கு நம் பழைய நூலொன்றையே சாட்சியாக அழைப்பேன். தொண்டைமான் இளந்திரையன்மீது கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், கள் அடும் மகளிர் கலங்கழுவிய நீர் முற்றத்தில் தேங்கிச் சேறாவதும், அச்சேற்றிற் பன்றிகள் கிடப்பதும் கூறப்படுகின்றன. ஓர் ஆண் பன்றியைப் பெண் பன்றிகளோடு சேரவொட்டாமல் குழியில் நிறுத்தி, மாவு ஊட்டிப் பல நாள் காத்துக் கொழுக்க வைக்கும் முறையும் அங்கேயே சொல்லப்படுகிறது. அவ்வூன் பாணர்க்கு அளிக்கும் நல்விருந்து. அடைத்து வளர்த்தல், அளந்து ஊட்டுதல் என்று இன்றைய கால்நடை நூலார் சொல்லும் இரண்டு விதிகளும் அச்சில அடிகளில் அடங்கிவிட்டன.

அன்று குழியில் நின்று மாவு தின்ற பன்றி இன்று நம் ஊர்ச் சாக்கடைகளில் நின்று நம் மலத்தைத் தின்கிறது. இதற்குப் பன்றி பொறுப்பன்று. கறையான் புற்றையும் கிழங்கையும் தேடிக் காட்டில் உழுது தின்னும் பிராணிக்கு, ஊருக்குள் நாம் எதை விட்டு வைத்தோமோ அதை அது தின்கிறது. பன்றியோடு சேர்ந்த கன்றும் மலம் தின்னும் என்று பழமொழி சொல்லி அதை இகழ்கிறோம். மலத்தை வெளியில் விட்டவர் யார் என்பதை அப்பழமொழி கேட்பதில்லை. பன்றியின் மீதுள்ள பழி அதன் தீனியின் மீதுள்ள பழியேயாகும். தீனியை மாற்றினாற் பழி நீங்கும். அதை மாற்றும் வசதியை, இத்தொழிலைப் பரம்பரையாகச் செய்துவரும் ஏழைகளுக்கே முதலில் அளித்தல் வேண்டும். இதுவே என் கட்சி.

பழி வெறும் மனக்கூச்சம் மாத்திரமன்று, அதற்குச் சுகாதாரக் காரணமும் உண்டு என்று விலங்கியல் மாணவர் எழுந்து நிற்பர். உண்மையே. பன்றித் தசையில் நாடாப்புழுவின் கொப்புளங்கள் இருப்பின், அதை நன்றாக வேகவைக்காமல் உண்பவர் குடலில் அப்புழு வளரும். ஆனால் மூளையிற் கொப்புளங்கள் தோன்றி வலிப்பு உண்டாவது பன்றி இறைச்சியை உண்பதால் நேர்வதன்று. குடலிற் புழுவுடைய மனிதனின் மலத்தில் வெளிப்படும் முட்டைகள், கழுவாத கையாலும் காய்கறியாலும் நீராலும் இன்னொருவர் வாயிற் புகுவதால் அந்நோய் வருகிறது. ஆதலின் பிறந்தது முதல் புலால் தொடாதவர்க்கும் அது வரும். வேலூர்க் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியின் மருத்துவர்கள் இந்நோயைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வந்திருக்கின்றனர். இச்சங்கிலியில் ஒரு வளையம் மனிதனின் மலத்தைப் பன்றி தின்பது. பன்றி கொட்டிலில் அடைபட்டு நல்ல தீனி தின்னுமாயின், அவ்வளையம் அறுந்துவிடும். தெருவிற் பன்றி திரிவதைக் கண்டு மூக்கைப் பொத்திக்கொள்ளும் நாம், அது எங்கே சென்று மேய்கிறதோ அவ்விடத்தைச் சுத்தம் செய்தோமா என்று எண்ணிப் பார்த்தல் நலம்.

காலாண்டு விடுமுறையில் அம்மாணவனின் ஊருக்குச் சென்றிருந்தேன். செம்மண் மேடொன்றில், புளிய மரத்தடியில், தகரக் கூரையிட்ட சிறு கொட்டில். அதில் இரண்டு தாய்ப் பன்றிகள், ஒரு கடா, குட்டிகள் பத்துப் பதினைந்து. சிமெண்டுத் தரை பாதி, மண் தரை பாதி. மூலையில் ஒரு தொட்டி நீர். அவன் தந்தையார் என்னை உட்காரச் சொல்லக் கூசினார்; நான் உட்கார்ந்த பிறகும் அவர் உட்காரவில்லை. ஆனால் பன்றியைப் பற்றிக் கேட்கத் தொடங்கியதும் அவர் கூச்சம் பறந்துவிட்டது. நூறு பக்கம் உள்ள ஒரு பாட நூலை எழுதக்கூடிய அறிவு அவரிடம் இருந்தது.

அவர் சொன்னவற்றையும் பின்னர் நூல்களிற் கண்டவற்றையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன். பன்றி நாம் எண்ணுவதுபோல் எதையும் தின்று செரிக்க வல்லதன்று. மாட்டுக்குள்ள நால்வகை இரைப்பை அதற்கு இல்லை. வைக்கோலும் காய்ந்த புல்லும் போட்டாற் பசு பால் தரும், பன்றி மெலியும். நம்மைப் போலவே அதற்கும் மாவும் புரதமும் வேண்டும். வளரும் குட்டியின் தீனியில் நூற்றுக்குப் பதினாறு முதல் பதினெட்டுப் பங்கும், தாய்ப்பால் மறவாத இளங்குட்டிக்கு இருபது பங்குக்கு மேலும் புரதம் இருத்தல் நலம். எடை ஒரு கிலோ ஏறுவதற்கு ஏறக்குறைய மூன்று அல்லது மூன்றரைக் கிலோ உலர்ந்த தீனி செல்லும். பிறக்கும்போது ஒன்றேகால் கிலோ நிற்கும் வெள்ளைப் பன்றிக் குட்டி, செவ்வையாக ஊட்டினால் எட்டு மாதத்தில் எண்பது, தொண்ணூறு கிலோ நிற்கும். சினைக்காலம் மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்று அவர் விரலை மடக்கிச் சொன்னார். நூலிலும் 114 நாள் என்றே இருக்கிறது. ஓர் ஈற்றில் எட்டு முதல் பன்னிரண்டு குட்டிகள். ஒன்பது மாதத்துக்கு மேல் சுமந்து ஒரே கன்றை ஈனும் பசுவோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

தருமபுரி ஜில்லா வறண்ட பூமி என்பது எல்லோரும் அறிந்தது. எனினும் பன்றித் தீனிக்கு அது வறண்ட பூமியன்று. அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கங்களில் மரவள்ளி விளைகிறது. ஜவ்வரிசி ஆலைகளில் மாவு பிரித்தபின் திப்பி மிகுதியாக எஞ்சுகிறது. மக்காச்சோளமும் விளைகிறது. அரிசி ஆலையிலே தவிடும், செக்கிலே பிண்ணாக்கும் உண்டு. திப்பியில் மாவு உண்டே தவிரப் புரதம் மிகக் குறைவு. அதை மாத்திரம் போட்டால் வயிறு பருத்து உடல் வளராது. ஆகவே கடலைப் பிண்ணாக்கோ கருவாட்டுத் தூளோ சேர்த்தல் வேண்டும். பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கு நஞ்சு. மலிவென்று வாங்கி வந்து மந்தையை இழந்தவர் உண்டு. பச்சை மரவள்ளித் தோலிலும் இலையிலும் நஞ்சு இருப்பதால் உலர்த்தியோ வேகவைத்தோ இட வேண்டும். தருமபுரியிற் பட்டுக்கூட்டு அங்காடி நடைபெறுகிறது. நூல் எடுத்தபின் கூட்டினுள் எஞ்சும் புழு புரதம் மிகுந்தது. எண்ணெய் நீக்கி உலர்த்தினால் பிண்ணாக்குக்கு ஒரு பகுதி ஈடாகும். பட்டுச் சேலை உடுத்தும் நம் இல்லத்தரசியர் இதை அறிந்தால் என்ன சொல்வார்களோ!

செம்மண்ணைப் பற்றி அவர் சொன்ன ஒரு செய்தி என்னை வியப்பில் ஆழ்த்தியது. சிமெண்டுத் தரையிலேயே பிறந்து வளரும் குட்டிகள் இரண்டாம் வாரத்தில் வெளுத்துச் சோர்ந்துபோகுமாம். அவர் தினமும் சுத்தமான இடத்திலிருந்து ஒரு கூடைச் செம்மண் கொணர்ந்து கொட்டிலின் மூலையிற் போடுவார்; குட்டிகள் அதை முகர்ந்து கிளறித் தின்னும். காரணத்தை அவர் அறியார். பன்றிப் பாலில் இரும்புச் சத்து மிகக் குறைவு. குட்டியின் இரத்தம் விரைவாகப் பெருகுவதால் அச்சத்து போதாமற் போகிறது. பண்ணைகளில் இதற்காகவே பிறந்த சில நாளில் இரும்பு மருந்தை ஊசி வழியே செலுத்துகின்றனர். தருமபுரிச் செம்மண்ணின் சிவப்பே இரும்புதான். தாய் திடீரெனப் படுக்கும்போது குட்டிகள் நசுங்கிவிடாதபடி சுவர் ஓரமாக முக்கால் முழ உயரத்தில் ஒரு மூங்கிற் கழியையும் அவர் கட்டியிருந்தார். சேற்றிற் புரள்வதைக் கண்டு பன்றியை அசுத்தப் பிராணி என்கிறோம். அதற்கு உடலை நனைக்கும் அளவுக்கு வியர்வை இல்லை. வெயிலில் உடல் தணிய வேறு வழி அறியாது சேற்றைத் தேடுகிறது. நிழலும் நீரும் கொடுத்தால் தான் படுக்குமிடத்தையும் மலங்கழிக்குமிடத்தையும் வேறு வேறாக வைத்துக்கொள்ளும் ஒழுங்கு அதனிடம் உண்டு. இவ்வொழுங்கு நம் பேருந்து நிலையங்களுக்கு எப்போது வருமோ!

இனிக் கசப்பான விஷயத்துக்கு வருகிறேன். மேற்சொன்ன தீனியெல்லாம் விலை கொடுத்து வாங்க வேண்டியவை. பன்றி வளர்ப்போர் பெரும்பாலும் நம்புவது ஹோட்டல்களின் எச்சிலையே. பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையின் இருபுறமும் உள்ள உணவு விடுதிகளிலிருந்து நீல நிறப் பீப்பாய்களில் சோறும் குழம்பும் எலும்பும் ஏற்றிய வண்டிகள் விடியற்காலையில் வந்து சேர்கின்றன. நம் ஜில்லாவின் வாலிபர் கூலிக்குப் பெங்களூர் செல்லும் அதே சாலையில் அவர்கள் உண்ட எச்சம் திரும்பி வருகிறது! இவ்வெச்சிலில் இரண்டு ஆபத்துக்கள் உண்டு. ஊறுகாயும் உப்பும் மிகுந்த எச்சிலைத் தின்று போதிய நீர் இல்லாதபோது பன்றிக்கு உப்பு நஞ்சாகிறது; அது தள்ளாடி வலிப்புக் கண்டு சாகும். எனவே தொட்டியில் எந்நேரமும் நீர் இருத்தல் வேண்டும். மற்றது இதினும் பெரிது. வேகாத பன்றி இறைச்சித் துண்டொன்று அப்பீப்பாயில் இருந்தாற் போதும், ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மந்தைக்குள் நுழைந்துவிடும்.

1921ஆம் வருஷத்தில் கென்யா தேசத்தில் முதன்முதல் விவரிக்கப்பெற்ற இந்நோய், இந்தியாவில் 2020இல் அஸ்ஸாமிலும் அருணாசலத்திலும் தோன்றியது. 2022 ஜூலையில் வயநாட்டுக்கு வந்தது. 2023இல் முதுமலைக் காட்டுப் பன்றிகளிலும், அவ்வாண்டு அக்டோபரில் நாமக்கல் ஜில்லாவில் ராசிபுரத்தை அடுத்த ஒரு பண்ணையிலும் காணப்பட்டது. மனிதருக்கு இது வராது. பன்றிக்கு வந்தால் மருந்தில்லை. நோய் கண்ட பண்ணையில் எஞ்சியவற்றையும் கொன்று புதைக்கவேண்டியதே. எச்சிலை ஊட்டவேண்டாமென அரசாங்கத்தார் எச்சரிக்கின்றனர். அவ்வெச்சரிக்கை நியாயமானதே. ஆனால் மூன்று தாய்ப் பன்றிகளை வைத்துப் பிழைக்கும் ஒருவன், நாளை முதல் மக்காச்சோளம் வாங்கி ஊட்டு என்றாற் கேட்பானா? இரவில் மறைவாக ஊட்டுவான். மறைவாக ஊட்டுவது வேகாமலே ஊட்டப்படும். அவன் கையில் உள்ள வழி கொதிக்க வைத்தல் ஒன்றே. தொண்ணூறு டிகிரி வெப்பத்தில் ஒரு மணி நேரம் இடைவிடாது கிளறிக் காய்ச்சினால் அந்நோய்க் கிருமி அழியும் என்பது உலகக் கால்நடைச் சுகாதார நிறுவனத்தார் வகுத்த விதி. காய்ச்சிய பின் பச்சை எச்சில் இருந்த பீப்பாயிலேயே அதை ஊற்றலாகாது என்பதையும் நினைவில் வைத்தல் வேண்டும். நான் பார்த்த கொட்டிலில் காய்ச்சும் அண்டா ஒன்று இருந்தது. "தினமும் காய்ச்சுகிறீர்களா?" என்றேன். அவர் பொய் சொல்லவில்லை. "விறகு இருந்தால் காய்ச்சுவேன், சார்" என்றார்.

மாமரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1998, 1999ஆம் வருஷங்களில் மலேயா நாட்டில் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தோரிடையே ஒரு மூளைக் காய்ச்சல் பரவி நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று முதலில் எண்ணி, பின்னர் அது நிபா என்னும் புதுக் கிருமி என்று கண்டனர். பத்து லட்சம் பன்றிகள் கொல்லப்பட்டன. முதலில் நோய் கண்ட பண்ணையிற் கொட்டிலை ஒட்டி மாமரங்கள் இருந்தன. பழந்தின்னி வௌவால்கள் கடித்துப் போட்ட கனிகள் கொட்டிலில் விழுந்தன. மாந்தோப்புகள் மலிந்த நம் பக்கத்தில், நிழலுக்காக மாமரத்தடியிற் கொட்டில் கட்டுவோர் இதை அறிந்திருத்தல் அவசியம். புளிய மரம் போதும்.

வெள்ளைப் பன்றி என்று நாம் சொல்லும் பெரிய யார்க்ஷயர் இனத்தின் வரலாறு நம் மாணவர் அறியத்தக்கது. 1851இல் இங்கிலாந்தில் விண்ட்ஸர் நகரிலே நடந்த விவசாயக் கண்காட்சியில் ஜோஸப் டூலி என்பவர் கொணர்ந்த பன்றிகளாலேயே இவ்வினம் பேர் பெற்றது. அவர் பிரபுவல்லர், கீத்லி என்னும் ஊரில் தறி நெய்த ஒரு நெசவாளர். வீட்டுக்குப் பின்புறம் வளர்த்தவற்றையே அவர் கண்காட்சிக்குக் கொண்டுசென்றார். இன்று நம் நாட்டில் வங்கிக் கடன் பெற்று வெள்ளைப் பன்றிப் பண்ணை வைக்கும் பட்டதாரிகளைப் பத்திரிகைகள் படத்தோடு புகழ்கின்றன. புகழட்டும், நானும் மகிழ்கிறேன். காட்டுப்பாக்கத்திலே கால்நடைப் பல்கலைக்கழகத்தார் பயிற்சி அளிக்கின்றனர். யார்க்ஷயரையும் நாட்டுப் பன்றியையும் கலந்து ஒரு புதிய வகையையும் உண்டாக்கியிருக்கின்றனர். ஓசூரை அடுத்த மத்திகிரியில் 1824இல் கும்பினியார் குதிரைகளுக்காக ஏற்படுத்திய பண்ணை இன்று அரசாங்கக் கால்நடைப் பண்ணையாக நடைபெறுகிறது. அது 2004இல் கிருஷ்ணகிரி ஜில்லா பிரியும்வரை தருமபுரி ஜில்லாவுக்கே உரியதாக இருந்தது. ஆனால் இவ்வசதிகளின் வாயிலைப் பட்டதாரி தாண்டுவதுபோல், பரம்பரையாகப் பன்றி வளர்ப்பவன் தாண்டுவதில்லை. அவனுக்கு அரசாங்கத்தின் முகமாகத் தெரிவது, நகரசபை வண்டியில் வந்து அவன் பன்றிகளைப் பிடித்துச் செல்லும் ஆட்களே. ஒரே பிராணி, ஒருவனுக்குத் தொழில், மற்றொருவனுக்குக் குற்றம்!

தெருவிற் பன்றி திரிய விடவேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிடிக்கட்டும். பிடிப்பதற்கு முன், ஊருக்கு வெளியே ஒரு பொதுக் கொட்டில் கட்ட இடமும், நீர்க் குழாயும், காய்ச்சும் அடுப்பும் கொடுக்கட்டும். பன்றிச் சாணத்திலிருந்தே எரிவாயு எடுக்கலாம். அவ்வாயுவைக் கொண்டே எச்சிலைக் காய்ச்சலாம். விறகுச் செலவு வெகுவாகக் குறையும். நாற்றம் அண்டை வீட்டாரை வருத்தும் என்பதும், பன்றியை விலக்கும் மார்க்கத்தைச் சேர்ந்த நம் இஸ்லாமிய அன்பர்களின் மனம் நோகக்கூடாது என்பதும் மறுக்கவொண்ணாதவை. ஊருக்கு வெளியே அடைத்து வளர்த்தல் அவ்விரண்டுக்குமே பரிகாரம்.

இனி நம் விடுதியைப் பற்றி ஒன்று சொல்லி நிறுத்துகிறேன். நாள்தோறும் நம் சாப்பாட்டுக் கூடத்தில் எஞ்சுவது எவ்வளவு என்று எந்த மாணவனும் நிறுத்துப் பார்த்ததில்லை. ஒரு வாரம் நிறுத்துப் பார்க்கும்படி விலங்கியல் வகுப்பாரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சோறும் காய்கறிக் கழிவும் ஒரு பீப்பாயிலும், எலும்பும் இறைச்சியும் வேறொன்றிலும், ஊறுகாய் எதிலும் சேராமலும் பிரித்து வைக்கச் சமையற்காரர் உடன்பட்டிருக்கிறார். முதற் பீப்பாயில் உள்ளதை நம் விடுதியின் பெரிய அடுப்பிலேயே இரவுச் சமையலுக்குப் பின் காய்ச்சி, மறுநாட் காலையில் பன்றி வளர்ப்போர் ஒருவர்க்குக் கொடுக்கலாம் என்பது என் யோசனை. எலும்பையும் இறைச்சியையும் புதைத்துவிட வேண்டியதுதான். காய்ச்சும் எரிபொருளுக்கு ஆகும் செலவை யார் ஏற்பது என்பதில் விடுதிக் கமிட்டியார் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. அடுத்த கூட்டம் தை மாதத்தில் நடைபெறும். பழைய மாணவர்களில் இதற்கு உதவ விரும்புவோர் அதற்கு முன் எழுதினால் நலம்.

அம்மாணவனின் விண்ணப்பத் தாள் இன்னும் கலாசாலைக் காரியாலயத்திலேயே இருக்கிறது. 'விவசாயம்' என்ற சொல்லை நான் திருத்தவில்லை. அவன் தந்தையார் செய்வது அதுவே.